நினிவே சமவெளியில் ஒரு குருத்தோலை ஞாயிறு

வியாழன், அன்கவா

வட ஈராக்கில், குர்திஸ்தானில் இருக்கும் எர்பிலின் விமான நிலையம் சின்னது, சுத்தமானது. 2014 ஜூலை 5 அன்று 46 இந்தியச் செவிலியர்கள் கொச்சிக்கு விமானம் ஏறியது இங்கிருந்துதான். திக்ரித் மருத்துவமனையிலிருந்து அவர்களை மோசூலுக்குக் கொண்டுபோன ஐஎஸ் ஆட்கள், என்ன நினைத்தார்களோ, விட்டுவிட்டார்கள். அதே மோசூலில் பிடிபட்ட 39 இந்தியத் தொழிலாளர்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவர்கள் கொல்லப்பட்டதை நம் அரசு 2018 மார்ச்சில்தான் உறுதிசெய்தது. அந்தக் கோடையில் மோசூலைப் பற்றி நம் பத்திரிகைகளில் வந்ததெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டு செய்திகள்தான். அதே ஊரைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள் அதே மாதத்தில் கூண்டோடு துரத்தப்பட்டது உள்பக்கத்தில் ஒரு பத்தியாக வந்து போனது. பதினோரு வருடம் கழித்து, 2025 ஏப்ரலில், அந்தப் பத்தியின் மிச்சத்தைப் பார்க்க வந்திருக்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். குர்திஸ்தான் அரசு தரும் விசா எர்பில், துஹோக் பக்கம் மட்டும்தான் செல்லும். மோசூல் பாக்தாத் அரசின் கீழ் வருவதால் அதற்குத் தனி விசா வேண்டும். சோதனைச்சாவடியில் நின்றுகொண்டு விளக்கம் சொல்லித் தப்பிக்க முடியாது.

அன்கவா, எர்பிலை ஒட்டிய கிறிஸ்தவப் பகுதி. சாயங்காலம் கடைத்தெருவில் நடந்தால் நிம்மதியான ஊர் என்றுதான் தோன்றும். தேநீர்க் கடை, துணிக்கடை, முக்குக்கு முக்கு மாதா கெபி. 2014 ஆகஸ்ட்டில் இதே தெருக்களில் ஜனங்கள் பாய்கூட இல்லாமல் படுத்திருந்தார்கள். ஆகஸ்ட் 6 இரவு, மோசூலை ஒட்டிய நினிவே சமவெளியைக் காத்துவந்த குர்துப் படையான பெஷ்மெர்கா பின்வாங்கியது. விடிவதற்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிறிஸ்தவர்கள் போட்ட துணியோடு கிளம்பி வந்தார்கள். கோயில் வளாகம், பள்ளிக்கூடம், பூங்கா, கட்டி முடிக்காத ஒரு மால் என்று எங்கெல்லாம் நிழல் இருந்ததோ அங்கெல்லாம் குடும்பங்கள். பகலில் நாற்பது டிகிரிக்கு மேல் வெயில்.

நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரம்மாவும் அப்படி வந்தவர்தான், பக்திதா ஊர்க்காரர். வரைபடத்தில் கரகோஷ் என்று இருக்கும். ஊர்க்காரர்கள் பக்திதா என்றுதான் சொல்வார்கள். திரும்பிப் போகவில்லையா என்று கேட்டேன். "எதற்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு, குழம்பில் கிடந்த காய்ந்த எலுமிச்சையைக் கரண்டியால் அமுக்கிப் பிழிந்துகொண்டிருந்தார். மேற்கொண்டு நான் கிளறவில்லை.

இந்த மாதம் 1ஆம் தேதி துஹோக்கில் இந்தக் கிறிஸ்தவர்கள் கொண்டாடும் அசீரியப் புத்தாண்டு ஊர்வலத்துக்குள் ஒருவன் கோடாலியோடு புகுந்து சிலரை வெட்டியிருக்கிறான். ஐஎஸ் ஆதரவாளன் என்கிறார்கள். ஞாயிறு ஊர்வலத்துக்குப் போகப்போகிறேன் என்று சொன்னதும் கடைக்காரர்கள் முதலில் எடுக்கும் பேச்சு இதுதான். எடுத்துவிட்டு, கண்டிப்பாகப் போ என்றும் சொல்கிறார்கள்.

வெள்ளி, மார் மத்தாய்

வண்டி ஓட்டுபவர் பக்திதாக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், முன்பு வேதியியல் ஆசிரியர். ஊரில் எல்லோரும் அவரை அம்மோ என்கிறார்கள், சித்தப்பா என்று நாம் சொல்வதுபோல. நானும் அப்படியே கூப்பிடுகிறேன்.

மக்லூப் மலையின் பாதி உயரத்தில், பாறையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது மார் மத்தாய் மடம். கி.பி. 363இல் தொடங்கியது என்பது மரபு. சிரியாக் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் கீழைத் தலைமைப்பீடமாக நெடுங்காலம் இருந்த இடம். 13ஆம் நூற்றாண்டின் பெரிய அறிஞர் பார் எப்ராயாவின் கல்லறை உள்ளே இருக்கிறது. மாடத்தில் நின்றால் சமவெளி முழுக்கக் கண்ணில் விழுகிறது. கோதுமை பச்சையாக நிற்கும் மாதம் இது. ஐஎஸ் இங்கிருந்து சில கிலோமீட்டர் தூரம்வரை வந்து நின்றது. இரவில் அவர்களுடைய வண்டி விளக்குகளை இந்த மாடத்திலிருந்தே பார்த்தோம் என்றார் மடத்தில் வேலை செய்யும் பெரியவர். மடம் மட்டும் விழவில்லை.

நான் முக்கியமாகப் பார்க்க வந்தது வேறு. மோசூலில் மார் தோமா கோயிலைப் பழுதுபார்த்தபோது, 1964இல் சுவருக்குள்ளிருந்து புனித தோமாவின் திருப்பண்டம், அதாவது உடல் எச்சம், கிடைத்தது. 2014 ஜூனில் மோசூல் விழுந்ததும் அதை அவசரமாக இந்த மலைக்குக் கொண்டுவந்தார்கள். பரங்கிமலை அடிவாரத்தில் வளர்ந்தவனுக்கு இதில் ஒரு சொந்தம் உண்டு. மலைமேல் இருக்கும் கல் சிலுவையில் பஹ்லவி எழுத்துகள் இருப்பதைச் சின்ன வயதில் வேடிக்கை பார்த்திருக்கிறேன். பாரசீகத்திலும் மெசபடோமியாவிலும் வேரூன்றிய கீழைத் திருச்சபைதான் கேரளக் கரைக்கும் நம் மயிலாப்பூர்ப் பக்கத்துக்கும் ஒரு காலத்தில் ஆயர்களை அனுப்பியது. நினிவே மக்கள் விவிலியத்துத் தீர்க்கதரிசி யோனாவின் பேச்சைக் கேட்டு நோன்பிருந்ததை நினைத்து இங்கே மூன்று நாள் விரதம் இருப்பார்கள். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் அதையே மூன்று நோன்பு என்று இன்றும் கடைப்பிடிக்கிறார்கள்.

சென்னையில் தோமா மலை இருக்கிறது என்று பெரியவரிடம் சொன்னேன். சிரித்தார். அங்கே இன்னும் ஜனங்கள் கோயிலுக்கு வருகிறார்களா என்று கேட்டார். உட்கார இடம் கிடைக்காது என்றேன். அதை அம்மோவிடம் அவர்களுடைய சூரெத் மொழியில் திருப்பிச் சொல்லி, இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

சனி, மோசூல்

நேற்று இரவு தூக்கம் சரியில்லை. கரண்ட் போவதும் ஜெனரேட்டர் எழுவதுமாக இருந்தது. சரி, மோசூல்.

2003க்கு முன் இந்த நகரத்தில் பல்லாயிரம் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். கணக்கெல்லாம் மதிப்பீடுதான். நாடு முழுக்கப் பதினைந்து லட்சம் வரை சொல்வார்கள், இன்று இரண்டரை லட்சத்துக்கும் கீழே. ஆனால் எல்லாமே 2014இல் ஐஎஸ் வந்ததால் நடந்தது என்று நினைத்தால் பாதிக் கதைதான் தெரியும். 2003இல் அமெரிக்கப் படை வந்து அரசு என்ற ஒன்றே இல்லாமல் போனதும் ஆள் கடத்தல் ஒரு தொழிலாகிவிட்டது. கிறிஸ்தவர்களுக்குப் பின்னால் கேட்க இனக்குழுப் படையும் கிடையாது, பழிவாங்கப் பங்காளியும் கிடையாது. பணம் கறக்கத் தோதான ஆட்கள். போதாக்குறைக்கு, அந்நியப் படையின் மதத்துக்காரர்கள் என்ற பழியும் சேர்ந்தது.

2004 ஆகஸ்ட் 1, ஞாயிறு மாலை, பாக்தாதிலும் மோசூலிலும் கோயில்களைக் குறிவைத்து அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்தன. 2007 ஜூன் 3இல் இங்கே பரிசுத்த ஆவி கோயிலில் ஞாயிறு பூசை முடித்து வெளியே வந்த இளம் குரு ரகீத் கன்னியையும் துணைத்தொண்டர்கள் மூவரையும் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த பிப்ரவரியில் சிலுவைப்பாதை முடிந்து கிளம்பிய பேராயர் பவுலோஸ் ஃபராஜ் ரஹோவைக் கடத்தினார்கள். இரண்டு வாரம் கழித்து உடல்தான் கிடைத்தது. 2010 அக்டோபர் 31 மாலை பாக்தாதின் சய்யிதத் அல்-நஜாத் கோயிலில் பூசைக்கு நடுவே புகுந்த தற்கொலைப் படையால் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், இரண்டு குருக்களும் சேர்த்து. ஆக, 2014 ஜூன் 10இல் மோசூல் விழுந்தபோது இங்கே இருந்தவர்கள் ஏற்கெனவே மிச்சம் மீதி.

அந்த மிச்சத்துக்கு ஜூலை நடுவில் கெடு வைத்தார்கள். மதம் மாறு, முஸ்லிம் அல்லாதவர்களுக்கான ஜிஸ்யா வரி கட்டு, அல்லது ஊரை விட்டுப் போ, இல்லையென்றால் வாள். 19ஆம் தேதி நண்பகல்வரை அவகாசம். கிறிஸ்தவர் வீட்டுச் சுவர்களில் நஸ்ரானி என்பதன் முதல் எழுத்தான 'நூன்' ஸ்ப்ரே பெயிண்டில் ஏறியது. பக்கத்தில், இது இஸ்லாமிய அரசின் சொத்து என்று ஒரு வரி. போகிறவர்களையும் சும்மா விடவில்லை. சோதனைச்சாவடியில் பணம், நகை, பாஸ்போர்ட், மருந்து எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

பழைய நகரத்துக்குள் வண்டி போகாது, நடந்தோம். ஒரு சந்தில் புதுச் சுண்ணாம்பு வாசனை, அடுத்த சந்தில் எட்டு வருடத்து இடிபாடு. யுனெஸ்கோ, ஐக்கிய அரபு அமீரகத்தின் பணத்தில் நூரி மசூதியையும் சாய்ந்த ஹத்பா மினாரையும் திரும்பக் கட்டியிருக்கிறது. 2017 ஜூன் 21இல் ஐஎஸ் தகர்த்த மினார் மறுபடி அதே சாய்வோடு நிற்கிறது. நான் போன 2025 ஏப்ரலில் முறையான திறப்பு விழா நடந்திருக்கவில்லை. அதே திட்டத்தில்தான் டொமினிக்கன் சபையின் மணிக்கூண்டுக் கோயிலும் அல்-தாஹிரா கோயிலும் எழுந்திருக்கின்றன. மணிக்கூண்டின் பழைய கடிகாரம் பிரெஞ்சுப் பேரரசி யூஜெனி கொடுத்தது. உள்ளே மோசூல் சலவைக்கல், இளம் சாம்பல் நிறம். கைவைத்துப் பார்த்தேன், சில்லென்று, மழமழவென்று இருந்தது. பழைய கல்லும் புதுக் கல்லும் சேரும் இடத்தில் நிறம் லேசாக மாறுகிறது.

கோயில் இல்லா ஊரில் குடியிருக்க வேண்டாம் என்பார்கள் நம் பக்கம். இங்கே கோயில் இருக்கிறது, குடியிருக்கத்தான் ஆள் இல்லை. நிரந்தரமாகத் திரும்பி வந்தவை சில பத்துக் குடும்பங்கள்தான். காவலுக்கு இருந்த இளைஞர் முஸ்லிம், இதே தெருக்காரர். அவர் வீட்டிலும் சண்டையில் செத்தவர்கள் உண்டு. மோசூலில் ஐஎஸ் கொன்றதும் அவர்களை விரட்டும் போரில் செத்ததும் மிகப் பெரும்பாலும் முஸ்லிம்கள்தான் என்பதை இங்கே நின்று மறப்பது கஷ்டம். 2017 கிறிஸ்துமஸ் பூசைக்கு மார் பவுலோஸ் கோயிலைக் கூட்டிப் பெருக்கித் தயார் செய்ததும் இந்த ஊர் முஸ்லிம் இளைஞர்கள்தான். அந்தப் பையன் எங்களுக்குத் தேநீர் வாங்கிவந்து கொடுத்தார், காசு வாங்கவில்லை.

அம்மோ மோசூலில் அதிகம் பேசவில்லை. ஒரு தெருமுனையில் மட்டும் வண்டியை மெதுவாக்கி, "அதோ, பச்சை கேட். எங்கள் அப்பா வீடு" என்றார். மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. ஐஎஸ் பிடுங்கியதா என்று கேட்டேன். "இல்லை, அதற்கு முன்னாலேயே போய்விட்டது" என்று கியரை மாற்றினார்.

ஞாயிறு, பக்திதா

காலையிலேயே ஊர் எல்லையில் வண்டியை மடக்கிவிட்டார்கள். சாவடியில் இருந்தவர்கள் ஊர்க்காரப் பையன்கள், சீருடையில். அதற்கு முன்னால் பர்தெல்லா பக்கம் இருந்த சாவடி ஷபக் என்ற சிறுபான்மை இனத்து ஷியாக்களின் 30ஆவது படைப்பிரிவுடையது. ஒரே சாலையில் இராணுவம், பெஷ்மெர்கா, ஷியாப் படை, கிறிஸ்தவப் படை என்று மாறி மாறி வருகிறது. யாருக்கு யார் தலைவர் என்பதைப் புரிந்துகொள்ளும் முயற்சியை வழியிலேயே விட்டுவிட்டேன்.

2014க்கு முன் ஐம்பதாயிரம் பேர் இருந்த ஊர், பெரும்பாலும் சிரியாக் கத்தோலிக்கர்கள். ஈராக்கின் பெரிய கோயில்களில் ஒன்று இங்கேயுள்ள அல்-தாஹிரா. 1930களில் தொடங்கி ஊர்க்காரர்கள் தங்கள் கைக்காசிலும் உழைப்பிலும் கட்டியது. ஐஎஸ் உள்ளே இருந்த பெஞ்சுகளையும் புத்தகங்களையும் குவித்துக் கொளுத்தியது. முற்றத்தைத் துப்பாக்கிப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டது. 2016 அக்டோபரில் ஊர் மீண்டபோது கரி பிடித்த தூண்களுக்கு நடுவில்தான் முதல் பூசை நடந்தது. 2021 மார்ச் 7இல் போப் பிரான்சிஸ் வருவதற்குள் கோயிலைச் சரிசெய்துவிட்டார்கள். அவர் வந்துபோன படம் கடைக்குக் கடை தொங்குகிறது. அப்போது உடம்பு முடியாமல் இருந்த அவருக்காக அன்றும் வேண்டிக்கொண்டார்கள்.

குருத்தோலை என்று பெயர்தான், இங்கே கையில் பிடிப்பது ஒலிவக் கிளை. பூசை முடிந்ததும் தெரு நிறைந்துவிட்டது. பாட்டிமார்கள் பக்திதாவின் பழைய உடுப்பில், தோளில் முடிச்சிட்ட கனமான சால்வை, அதில் கோயிலும் பறவையும் ஆட்களும் வண்ண நூலில். எல்லோரும் ஓஷானா, ஓஷானா என்று பாடிக்கொண்டே நகர்கிறார்கள். ஆயிரக்கணக்கானவர்கள், எண்ணிப் பார்க்க வழியில்லை.

எனக்கு முன்னால் போன ஒரு பெண்ணைத்தான் வெகுநேரம் கவனித்தேன். ஒரு கையில் ஒலிவக் கிளை, இன்னொரு கையில் போன், தலைக்கு மேலே. திரையில் ஒரு கிழவர், பனியனோடு, சோபாவில். ஊர்வலம் ஒவ்வொரு வீட்டைத் தாண்டும்போதும் அவள் போனை அந்த வீட்டுப் பக்கம் திருப்பினாள். கிழவர் ஏதோ பெயர் சொன்னார், அவளும் ஆமாம் என்றாள். கைவலி எடுத்ததும் தம்பியிடம் கொடுத்தாள், அவன் தூக்கிப் பிடித்தான். சுற்றிப் பார்த்தால் பலரும் இதையேதான் செய்துகொண்டிருந்தார்கள். மெல்போர்ன், சிட்னி, ஸ்வீடன், டெட்ராய்ட். அந்தக் கிழவர் இருந்தது மெல்போர்னில், அங்கே மாலை. ஒரு கட்டத்தில் சிக்னல் போய் முகம் உறைந்துவிட்டது. அவள் போனை இறக்காமலே நடந்தாள்.

போனவர்களில் பாதிப் பேர்தான் திரும்பியிருக்கிறார்கள். திரும்பியவர்களுக்கும் காலம் நன்றாக இல்லை. 2023 செப்டம்பர் 26 இரவு இந்த ஊர்க் கல்யாண மண்டபத்தில் வாணவேடிக்கையிலிருந்து கூரைக்குத் தீப்பிடித்து நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அதில் எந்த மதவெறியும் இல்லை, எளிதில் தீப்பிடிக்கும் மட்டமான கூரைதான். ஆனால் ஐஎஸ்ஸுக்குப் பிறகும் ஊரில் இருக்கலாம் என்று திரும்பியவர்களில் சிலர் அதற்கப்புறம்தான் கிளம்பினார்களாம்.

மதியம் அம்மோ வீட்டில் சாப்பாடு. மோசூல் குப்பா, தட்டு அகலத்துக்குத் தட்டையாக, உள்ளே இறைச்சி. திராட்சை இலையில் சுற்றிய தோல்மா. போதும் என்றால் அவருடைய மனைவிக்குக் காது கேட்பதில்லை. அவர் தங்கை மகள் சட்டம் படித்தவள், அவளிடம்தான் நிறையக் கேட்டுக்கொண்டேன். கிறிஸ்துமஸ் 2020 முதல் நாடு முழுக்க அரசு விடுமுறை. நாடாளுமன்றத்தில் கிறிஸ்தவர்களுக்கு ஐந்து இடம். "அந்த ஐந்துக்கும் யார் வேண்டுமானாலும் ஓட்டுப் போடலாம். அதனால் பெரிய கட்சிகள் தங்களுக்கு வேண்டிய கிறிஸ்தவரை ஜெயிக்கவைக்கின்றன" என்றாள். 2015இன் தேசிய அடையாள அட்டைச் சட்டப்படி, பெற்றோரில் ஒருவர் இஸ்லாத்துக்கு மாறினால் வயதுவராத பிள்ளைகளும் முஸ்லிம்கள் என்றே பதிவாவார்கள். எதிர்த்திசையில் மாற வழியே கிடையாது. 2023 ஜூலையில், கல்தேயக் கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவர் கர்தினால் சாக்கோவை அங்கீகரித்த ஆணையைக் குடியரசுத் தலைவர் ரத்துசெய்தார். கர்தினால் பாக்தாதை விட்டு எர்பிலுக்குப் போய், அடுத்த ஏப்ரலில்தான் திரும்பினார்.

"டாயிஷ் வந்தபோது உலகமே எங்களைப் பார்த்தது. இப்போது எல்லாம் ஆபீசில் நடக்கிறது, யார் படம் பிடிப்பார்கள்?" என்றாள். டாயிஷ் என்றால் ஐஎஸ். இந்தப் பயணத்தில் நான் கேட்ட சரியான பேச்சு இதுதான் என்று நினைக்கிறேன்.

திங்கள், கரம்லேஸ், திரும்பும் வழி

கரம்லேஸ் சின்ன ஊர். ரகீத் கன்னியின் கல்லறை இங்கேதான். பார்பரா கோயில் ஒரு பழைய அசீரிய மேட்டை ஒட்டி இருக்கிறது. ஐஎஸ் கோயிலுக்கு உள்ளிருந்தே மேட்டுக்குள் சுரங்கம் தோண்டியிருந்தது. குனிந்து எட்டிப் பார்த்தேன். சுவரில் உளி பட்ட வரி வரியான தடம், ஈர மண் வாசனை. இரண்டு எட்டுக்கு மேல் உள்ளே போக எனக்குத் துணிவு இல்லை.

பர்தெல்லாவைத் தாண்டும்போது அம்மோ தெருத் தெருவாகக் காட்டினார். முன்பு இது முழுக்கக் கிறிஸ்தவ ஊர். இப்போது ஷபக் குடும்பங்கள்தான் அதிகம். தெருவிளக்குக் கம்பங்களில் ஷியாத் தலைவர்களின் படங்கள். ஷபக்குகளும் ஐஎஸ்ஸிடம் அடிவாங்கியவர்கள்தான். அவர்களுக்கும் வீடு வேண்டும், நிலம் வேண்டும். விற்கிறவன் இருந்தால் வாங்குவார்கள். ஆனால் படை ஒரு பக்கம் இருக்கும்போது நிலம் கைமாறுவதைச் சாதாரண விற்பனை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மோ என்னைவிடக் கோபம் குறைவாகத்தான் பேசினார்.

எர்பிலுக்குள் நுழையும் முன் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்தினோம். அங்கேதான் டேஷ்போர்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்துக் காட்டினார். பச்சை கேட் வீட்டின் தாபு, அதாவது பத்திரம், அப்பா பெயரில். குடும்பம் மோசூலிலிருந்து பக்திதாவுக்கு வந்தபின் யாரோ அப்பா கையெழுத்தைப் போட்டு விற்றிருக்கிறார்கள். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்றிருக்கிறார். இப்போது இருக்கும் குடும்பம் முழு விலை கொடுத்து வாங்கியது, அவர்களுக்கு எதுவுமே தெரியாது. வழக்கு வருடக்கணக்காக நடக்கிறது. அடுத்த வாய்தா ஜூனில்.

அதே உறையில் ஆஸ்திரேலிய விசா விண்ணப்பத்தின் நகலும் இருந்தது.

ஜெயித்தால் அந்த வீட்டில் போய் இருப்பீர்களா என்று கேட்டேன்.

"இல்லையே, விற்றுவிடுவேன். எதிர்வீட்டுக்காரர் இப்போதே கேட்டு வைத்திருக்கிறார். முஸ்லிம், அப்பாவின் சிநேகிதர், நல்ல மனிதர். நியாயமான விலை கொடுப்பார்" என்றார். பிறகு, தேநீருக்கு நான்தான் காசு கொடுப்பேன் என்று கடைக்காரரிடம் அரபியில் சண்டை போட ஆரம்பித்தார்.